நாற்பத்தைந்து நாளில் பணம்

அந்தச் சட்டம் வந்த செய்தியைக் கேட்டு நாங்கள் ஜிலேபி வாங்கிச் சாப்பிட்டோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

நானும் என் வீட்டுக்காரரும் கருமத்தம்பட்டியில் அட்டைப்பெட்டி செய்கிறோம். முன்பு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு மெஷின் போட்டிருக்கிறோம். பழுப்புக் காகித உருளைகளை வாங்கி, நெளி போட்டு, ஒட்டி, வெட்டி, கம்பிப் பின் அடித்துப் பெட்டியாக்கிக் கொடுப்பதுதான் தொழில். மெஷின் அவர் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பது, பில் போடுவது, மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்வது, பணத்துக்காக நடையாய் நடப்பது எல்லாம் என் பொறுப்பு. சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து ஐந்து பெண்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் பெட்டிகளில் முக்கால்வாசி கோயமுத்தூரில் இருக்கும் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தன. பதினெட்டு வருடப் பழக்கம். அந்தக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரிதான் எங்களுக்கு முதல் ஆர்டர் கொடுத்தவர். மாதிரிக்கு நான் எடுத்துக்கொண்டு போன பெட்டியைத் தரையில் வைத்து, அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். பெட்டி நசுங்கவில்லை. "ஒரு எரநூறு பெட்டி குடுத்துப் பாருங்க அம்மணி" என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் மகள் பெரியவளான சீருக்குக் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். பில்லில் ஒரு எழுத்து தப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதே சமயம் தொழில் விஷயமாக யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை.

அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பணம் மட்டும் நேரத்துக்கு வராது. அது அவர் கையில் இல்லை. சித்திரையில் கொடுத்த பெட்டிக்கு ஆடியில் பணம் வந்தால் அது நல்ல வருடம். ஆனால் அரசாங்கத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. பில் போட்டாயிற்றா, அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் அந்த பில்லுக்கு உண்டான வரியைக் கட்டிவிட வேண்டும். பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கைக்கு வராத காசுக்கு வரி கட்ட, கழுத்தில் கிடந்ததைக் கொண்டுபோய் அடகு வைத்த மாதங்கள் உண்டு. சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் பட்ஜெட்டில் அந்தப் புதிய விதி வந்தது. எங்களைப் போலச் சிறுதொழில் என்று பதிவு செய்துகொண்டவர்களிடம் பொருள் வாங்கும் கம்பெனி, நாற்பத்தைந்து நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் வருட முடிவில் பாக்கி நின்றால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. அதாவது, எங்கள் பணத்தை நிறுத்தி வைத்தால் அவர்களுக்கு வரி ஏறும். முதல் தடவையாக, எங்களைக் காக்க வைப்பதற்கு ஒரு விலை வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஷெட்டில் எல்லோரிடமும் சொன்னேன். பின் அடிக்கும் அக்கா ஒருவர், "அப்ப இனிமேலு சம்பளம் பத்தாந்தேதி ஆகாதுங்ளா?" என்று கேட்டார். "ஒண்ணாந்தேதியே வாங்கிக்குங்க" என்றேன். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஜிலேபி வாங்கி வந்தார்.

எங்கள் கணக்குகளைப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி. அவளிடமும் போனில் சந்தோஷத்தைச் சொன்னேன்.

"அக்கா, மொதல்ல வருசம் முடியட்டுங்க. பெரிய கம்பெனிக்காரங்க என்ன பண்றாங்கன்னு பாத்துக்கலாம்" என்றாள்.

"அவங்க என்ன பண்ண முடியும், சட்டமே வந்துபோச்சு" என்றேன்.

அடுத்த பிப்ரவரியில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நேரில் வரவேண்டும் என்றார்கள். புது விதிப்படி ஒப்பந்தம் போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன்.

வரவேற்பறையில் உட்கார இடமில்லை. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் போல அந்தக் கம்பெனிக்குப் பொருள் கொடுக்கும் சின்ன ஆட்கள். பவுடர் கோட்டிங் செய்பவர், வார்ப்பு ஊற்றிக் கொடுப்பவர், லேத் வைத்திருக்கும் அண்ணன் தம்பி, ரப்பர் வாஷர் செய்யும் கணவன் மனைவி. சிலரை வருடக் கணக்கில் அங்கே வைத்தே தெரியும். ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரு தாளோடு வெளியே வந்தார்கள். வெளியே வந்தவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரப்பர் வாஷர்க்காரர் மட்டும் தாளைச் சுவரில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையமர்த்திவிட்டு, தாளைக் கொண்டுபோய் உள்ளே கொடுத்துவிட்டு வந்தார்.

என் முறை வந்தது. அதிகாரி எப்போதும் போல எழுந்து நின்று, "வாங்க அம்மணி, உக்காருங்க" என்றார். ஆனால் தாளை என் பக்கம் தள்ளும்போது பார்வை மேசையில் இருந்தது.

பாதிப் பக்கத்துக்கு மேல் இல்லை. எங்கள் நிறுவனம் சிறுதொழிலாகப் பதிவு செய்யப்பட்டது அல்ல. முன்பு பதிவு இருந்திருந்தால் அதை எங்கள் விருப்பத்தின் பேரில் ரத்து செய்துவிட்டோம். இதுதான் விஷயம். கீழே தேதிக்கும் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் இடம்.

நான் இரண்டாம் தடவை படித்தேன். ஆங்கிலத்தில் நான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது.

"ஏனுங்க சார், எங்க பதிவ நாங்களே ரத்துப் பண்ணோணும்ங்களா?"

"ஆமாங்க."

"எதுக்குங்க?"

"பதிவு இருந்தா நாப்பத்தஞ்சு நாள்ல பணம் தரோணும். தரலீன்னா கம்பெனிக்கு வரி ஏறுது. பதிவு இல்லீன்னா அந்த விதி உங்களுக்கு வராது. பழையபடியே போய்க்கலாம்." மனப்பாடம் செய்ததைப் போலச் சொன்னார். காலையிலிருந்து எத்தனை பேரிடம் சொன்னாரோ.

"நேரத்துக்குப் பணத்தக் குடுத்துப்போட்டா தீந்துபோச்சுங்களே சார்."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். "மேல இருந்து வந்துருக்குதுங்க அம்மணி. நா என்னங்க பண்றது. கையெழுத்துப் போடறவங்களுக்கு ஏப்ரல்ல இருந்து ஆர்டர். போடாதவங்களோட அயிட்டத்தப் பெரிய எடத்துல வாங்கிக்கலாம்னு சொல்லிப்போட்டாங்க."

எங்களைக் காப்பாற்ற வந்த சட்டம் என்று ஜிலேபி தின்றோமே, அந்தச் சட்டத்தாலேயே எங்களைக் கழற்றிவிட முடியும் என்பது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் வைத்தார். "ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்க" என்றார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் வண்டிச் சாவியை அவர் மேசையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பப் போகக் கால் வரவில்லை. காவலாளியிடம் சொல்லி எடுத்து வரச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் தாளைப் படித்துவிட்டு, "போட்டுக் குடுத்துட்டு வந்துரு" என்றார். அவருக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. "இத்தன நாளு பதிவ வெச்சு நாம என்னத்தக் கண்டோம்? ஆர்டர் போச்சுன்னா ஷெட் வாடகைய யாரு குடுப்பா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் பதிவை வைத்து ஒன்று கண்டிருந்தோம். இரண்டாவது மெஷினுக்கு வாங்கிய கடன், அடமானம் இல்லாமல் சிறுதொழில் திட்டத்தில் கிடைத்தது. மறுநாள் வங்கிக்குப் போய் விசாரித்தேன். பதிவை ரத்து செய்தால் அந்தத் திட்டத்தில் கடனைத் தொடர முடியாது, வீட்டுப் பத்திரம் மாதிரி ஏதாவது வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். "நல்லா இருக்கற பதிவ எதுக்கும்மா ரத்துப் பண்றீங்க?" என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். காரணத்தைச் சொன்னேன். இந்த வாரத்தில் இப்படிக் கேட்டு வரும் நான்காவது ஆள் நான் என்றார்.

வீட்டுப் பத்திரம் எங்களிடம் ஏற்கனவே இல்லை. மகளின் காலேஜ் படிப்புக்காக வேறொரு இடத்தில் இருந்தது. ஆக, கையெழுத்துப் போட்டால் கடன் போகும், போடாவிட்டால் ஆர்டர் போகும். இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. மூன்றாம் நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

அந்த வாரத்தில் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து புதிய விதியை விளக்கினார். நல்லபடியாகத்தான் பேசினார். பணம் தராத கம்பெனி மேல் புகார் கொடுக்க மன்றம் இருக்கிறது, வட்டியோடு வாங்கித் தருவார்கள் என்றார். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "புகார் குடுத்த மறுநாளு ஆர்டர யாருங்க வாங்கித் தருவாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. அந்த அதிகாரி மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அதை வீரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வைப்பதற்குப் பத்திரம் இருந்திருந்தால் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்தத் தாளில் இருந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் பொறுக்கவே இல்லை. எங்கள் விருப்பத்தின் பேரில் என்று எழுதியிருந்ததே, அது.

கொள்முதல் அதிகாரிக்குப் போன் செய்து சொன்னேன். "சரிங்க அம்மணி. ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார்.

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. கம்பெனி எங்கள் மொத்தப் பாக்கியையும் ஒரே தடவையில் போட்டிருந்தது. நாங்கள் கேட்கவே இல்லை. வருட முடிவில் எங்கள் பெயரில் பாக்கி நின்றால் அவர்களுக்கு வரி ஏறும் என்பதால் வந்த பணம் அது. பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு நாள் எங்களுக்கு வந்ததில்லை. போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சோற்றுக் கை அப்படியே காய்ந்தது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சட்டம் வேலை செய்துவிட்டது. சொன்னபடியே பணத்தை வாங்கிக் கொடுத்துவிட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு பெட்டிக்குக்கூட ஆர்டர் வரவில்லை.

முதல் மாதம் பெண்களை வரச்சொல்லி மெஷினைத் துடைக்கவும் ஷெட்டுக்கு வெள்ளையடிக்கவும் வைத்தேன். இரண்டாம் மாதம் மூன்று பேரைத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகச் சொல்ல வேண்டியதாயிற்று. பின் அடிக்கும் அக்காதான் எனக்குத் தைரியம் சொன்னார். "நாங்க என்ன, பஸ் ஏறுனா வேல. நீங்கதான் இந்த மெஷினத் தூக்கிட்டு எங்க போவீங்க?"

என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலையில் ஷெட்டுக்குப் போவார், ஓடாத மெஷினுக்கு எண்ணெய் விடுவார், வருவார். ஒரு நாள் சாப்பிடும்போது, "நீ பண்ணது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல" என்றார். கோபத்தில் சொன்னதல்ல. எனக்கும் தெரியவில்லை என்றேன். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் பழையபடி பேச ஆரம்பித்தோம்.

பெரிய இடம் எதற்கும் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். மாதிரிப் பெட்டிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் அலைந்தேன். மேட்டுப்பாளையத்தில் பாக்குமட்டைத் தட்டு செய்கிறவர்கள் கொஞ்சம் வாங்கினார்கள். பல்லடம் போய் பஸ் மாறி காங்கேயத்துக்குப் பல தடவை போனேன். அங்கே தேங்காயெண்ணெய் பாட்டில்களை அடுக்கி அனுப்ப உள்ளே தடுப்பு வைத்த பெட்டி வேண்டும் என்று ஒரு எண்ணெய் மில்காரர் கேட்டார். வயதானவர், வாய் பெரிசு. "பெட்டி எறக்குன அன்னிக்கே காசு. ஆனா எண்ணெய் பட்டு அட்ட நமுத்துப்போச்சுன்னா அத்தனையும் திருப்பி அனுப்பிப்போடுவனுங்க" என்றார். காகிதத்தை இரண்டு தடவை மாற்றிச் செய்து கொடுத்தோம். மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டார். குட்டியானை வண்டியில் பெட்டி போய் இறங்கியதும் பணம் வந்தது. பழைய வேலையில் பாதி தேறியது. போனவர்களில் ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

அந்தக் காங்கேயம் பஸ்ஸில்தான் ஒரு நாள் ரப்பர் வாஷர்க்காரரின் மனைவியைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டதால் அவர்களுக்கு ஆர்டர் நிற்கவில்லை. நல்லா இருக்கறீங்ளா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முன்னெல்லாம் மூணு மாசத்துல வருங்க. இப்ப ஆறு மாசம். கேட்டா, நீங்கதான் சிறுதொழில் இல்லீன்னு எழுதிக் குடுத்துட்டீங்களேன்னு சொல்றாங்க."

பல்லடம் வரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. வைகாசி வெயிலில் ஒரு பிற்பகல், ஷெட் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்தக் கொள்முதல் அதிகாரி. பதினெட்டு வருடத்தில் தரம் பார்க்கத் தவிர எங்கள் ஷெட்டுக்கு வந்ததில்லை. கையில் ஃபைல் இருந்தது. ஆர்டர் கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்து மெஷினை நிறுத்திவிட்டு வேகமாக வந்தார்.

வந்தவர் ஆர்டரைப் பற்றிப் பேசவில்லை. நாற்காலியில் உட்காராமல் காகித உருளை மேல் கையை ஊன்றி நின்றார். முன்பைவிட இளைத்திருந்தார்.

"அம்மணி, ஒரு பில்லு எப்புடிப் போடறதுன்னு சொல்லிக் குடுப்பீங்ளா?"

எனக்குப் புரியவில்லை. "யாருக்குங்க சார்?"

"எனக்குத்தானுங்க."

ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கம்பெனி வேலையிலிருந்து எடுத்துவிட்டு, ஆலோசகர் என்று ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதே மேசை, அதே நாற்காலி, காலையில் அதே நேரம். ஆனால் இனி அவருக்குச் சம்பளம் கிடையாது. மாதம் முடிந்ததும் தன் உழைப்புக்கு அவரே பில் கொடுக்க வேண்டும். அதில் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிஎஃப் இல்லை. லீவு எடுத்தால் பணம் இல்லை.

"இருபத்தெட்டு வருசமுங்க" என்றார். "போன வாரம் கூப்புட்டு, நீங்களும் இனி பொருள் குடுக்கற வெண்டர் மாதிரின்னு சொன்னாங்க."

அவர் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. இவருக்கு இது வேண்டும் என்று ஒரு கணமாவது தோன்றும் என்று யாராவது நினைக்கலாம். தோன்றவில்லை. அன்று ஷெட்டில் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். கம்பெனி என்றால் என் கண்ணுக்கு அவர்தான் தெரிவார். அவரையே அது இப்படி வெளியே எடுத்து வைத்துவிட்டதென்றால், பிறகு அந்தக் கம்பெனி என்பது யார்?

கம்ப்யூட்டரைப் போட்டு எங்கள் பில்லின் மாதிரியைத் திறந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கூர்ந்து பார்த்தார்.

"கம்பெனி பேருங்கற எடத்துல என்ன போடறதுங்க?"

"உங்க பேரத்தானுங்க சார் போடோணும்."

"எம் பேரேவா." அதைத் தட்டச்சு செய்தபோது உதடு மெல்ல அசைந்தது. வேலை விவரம் என்ற இடத்தில் வெகுநேரம் நின்றார். எங்கள் பில்களில் பெட்டியின் நீள அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் சுழித்துத் திருப்பி அனுப்பியவருக்கு, தான் ஒரு மாதம் செய்த வேலையை ஒரு வரியில் எழுத வரவில்லை. கடைசியில் நான்தான் ஆலோசனைக் கட்டணம் என்று போட்டுக் கொடுத்தேன். ஜிஎஸ்டி எண் வேண்டுமா என்று கேட்டார். வருட வரவு இருபது லட்சத்தைத் தாண்டினால்தான் வேண்டும் என்றேன். "அவ்வளவெல்லாம் எங்கீங்க" என்று சிரித்தார்.

பில்லை அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இதக் குடுத்தா எத்தன நாள்ல பணம் வருமுங்க?"

நான் பதினெட்டு வருடம் அவரிடம் கேட்ட கேள்வி. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு மெஷின் பக்கம் போய்விட்டார். அதிகாரி என் முகத்தைப் பார்த்ததும் தான் யாரிடம் என்ன கேட்டுவிட்டோம் என்று புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு அந்தத் தாள உங்ககிட்டக் குடுத்துருக்கக் கூடாதுங்க" என்றார்.

"நீங்க குடுக்கலீன்னா வேற யாராவது குடுத்துருப்பாங்க சார்."

"அதுக்காக நா குடுக்கோணும்னு இல்லீங்களே."

மோர் கரைத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். எங்கள் ஷெட்டில் அவர் வாங்கிக் குடித்த முதல் தம்ளர் அதுதான். போகும்போது, ஆடிட்டர் அலுவலகத்துப் பெண்ணின் நம்பரை எழுதிக் கொடுத்து, பிடிக்கிற வரியை வருட முடிவில் கணக்குக் காட்டித் திரும்ப வாங்க வழி இருக்கிறது, தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவருடைய முதல் பில்லுக்கு எழுபது நாளில் பணம் வந்தது. போன் செய்து சொன்னார். அந்த எழுபது நாளும் மனைவியின் நகையில் குடும்பம் ஓடியிருக்கிறது. இப்போதும் அங்கேதான் போகிறார். வேறு இடத்தில் இந்த வயதில் யார் எடுப்பார்கள் என்கிறார். சிறுதொழில் பதிவு ஆலோசகருக்கும் கிடைக்கும் என்று ஆடிட்டர் பெண் சொல்லியிருக்கிறாள். செய்துகொண்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்களோ என்று இன்னும் செய்யாமல் இருக்கிறார்.

இதற்கிடையில் ஜிஎஸ்டி மறுபடி மாறியது. அட்டைப்பெட்டிக்குப் பன்னிரண்டு சதவீதமாக இருந்த வரியை ஐந்தாகக் குறைத்தார்கள். டிவியில் வந்ததும் சொந்தக்காரர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். "இனி உங்களுக்கு நல்ல காலந்தான்" என்றார்கள். காங்கேயத்து மில்காரர் விடிந்ததும் கூப்பிட்டு, "பெட்டி வெல எவ்வளவு கொறையுதுங்க அம்மணி?" என்றார். நான் செய்தி கேட்ட அதிர்ச்சியில் இருந்தேன். பெட்டிக்குக் குறைத்தவர்கள், அதைச் செய்ய நாங்கள் வாங்கும் காகிதத்துக்குப் பன்னிரண்டைப் பதினெட்டாக ஏற்றியிருந்தார்கள். வாங்கும்போது பதினெட்டு கட்டிவிட்டு, விற்கும்போது ஐந்துதான் வசூலிக்க முடியும். நடுவில் நிற்கும் எங்கள் பணத்தை அரசாங்கத்திடம் மனுப் போட்டு, காத்திருந்து வாங்க வேண்டும். வருமா, எப்போது வரும் என்று ஆடிட்டர் பெண்ணே உறுதியாகச் சொல்லவில்லை. யாருக்கென்று இதை விளக்குவது? சந்தோஷமாகப் பேசியவர்களிடம் ஆமாம் ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பதினொரு மணி வாக்கில் அந்தக் கொள்முதல் அதிகாரி கூப்பிட்டார். இவரும் வாழ்த்துச் சொல்லத்தான் போலிருக்கிறது என்று தயாராக இருந்தேன்.

"நியூஸ் பாத்தனுங்க அம்மணி" என்றார். "பெட்டிக்கு அஞ்சுன்னாங்க. காயிதத்துக்கு எவ்வளவு போட்டுருக்காங்க?"

அன்று அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பதினெட்டுங்க சார் என்றேன். கையில் எத்தனை டன் காகிதம் இருக்கிறது, பழைய வரியில் வாங்கியதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். நான் ஷெட்டுக்குள் போய் உருளைகளை எண்ணிச் சொன்னேன்.